கதவுக்கு வெளியே பத்தொன்பது சோடி

முதல் சத்தம் கேட்டபோது நான் முதலாம் மாடியில் 107ஆம் அறை வாசலில் நின்று தக்சாயினி ரீச்சரோடு நேரத்துக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ரீச்சர், நாலு மணிக்குப் பூட்டவேணும். இப்ப மூண்டே முக்கால்."

"விமலண்ணை, ஆண்டுவிழாவுக்கு எட்டு நாள்தான் கிடக்கு. இவையின்ரை ஆட்டத்தை இப்பிடியே மேடையில ஏத்தினால் சனம் பாதியில எழும்பிப் போயிடும். ஒரு பத்து நிமிசம் தாங்கோ."

"போன கிழமையும் பத்து நிமிசம் எண்டு சொல்லிப்போட்டு முக்கால் மணித்தியாலம் ஆடினனீங்கள்."

"ஆடினது பிள்ளையள். நான் இருந்து தட்டினனான், அவ்வளவுதான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். பதினேழு பேர். ஆறு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை. மூத்த எட்டுப் பேர் காலில் சலங்கை கட்டியிருந்தார்கள். அன்றுதான் சலங்கையோடு முதல் ஒத்திகை.

ஜேர்மனியில், வுப்பர்டால் நகரில் இருக்கும் இந்தப் பள்ளிக்கூடத்தில் நான் பதினொரு வருடமாக ஹவுஸ்மைஸ்டர். பூட்டு, விளக்கு, ஹீட்டர், குழாய் எல்லாம் என் பொறுப்பு. கிழமை நாட்களில் ஜேர்மன் பிள்ளைகள் படிக்கிறார்கள். சனிக்கிழமைகளில் கீழ்த்தளத்தில் பெரியவர்களுக்கான மொழி வகுப்பு நடக்கும், மேலே எங்கள் தமிழ்ப் பள்ளி. நான் தனியாக இருக்கிறவன். சனிக்கிழமை வந்தால்தான் என் காதில் தமிழ் விழும். அதனால் தக்சாயினியோடு நேரத்துக்குச் சண்டை பிடிப்பது எனக்குப் பிடித்த வேலை. கடைசியில் அரை மணித்தியாலம் கொடுத்துவிடுவேன். அவருக்கும் அது தெரியும்.

முதல் சத்தத்தைக் கேட்டு, கீழே யாரோ மேசையை விழுத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். உடனே இரண்டாவது, மூன்றாவது. ஒரு பெண் கத்தினாள். கண்ணாடி உடைந்து கொட்டியது.

மேசை மூன்று தரம் விழாது.

தக்சாயினியின் முகத்தைப் பார்த்தேன். சாவகச்சேரிப் பக்கம், போருக்குள் வளர்ந்தவர். அவருக்கும் அந்தச் சத்தத்தை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. "வெளியில கொண்டுபோவம், அண்ணை" என்றார். கை ஏற்கனவே சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டிருந்தது. "முத்தத்துக்கு இறக்குவம். கெதியா."

அது எங்கள் உடம்பில் ஊறிய பழக்கம். ஊரில் விமானச் சத்தம் கேட்டால் வீட்டைவிட்டு ஓடிப் போய்ப் பதுங்குகுழிக்குள் விழுவோம். அங்கே வீடுதான் எங்கள் மேல் இடிந்து விழும். இங்கே அப்படி இல்லை. வெளியேறும் பாதை சரியாகத் தெரிந்தால் ஓடுவதுதான் முதல் வேலை, அது உண்மை. ஆனால் இந்தக் கட்டடத்தில் மாடிப்படி இரண்டும் கீழே ஒரே மண்டபத்தில் போய் முடிகின்றன. சத்தம் வந்தது அந்த மண்டபத்திலிருந்து. சுடுகிறவன் எங்கே நிற்கிறான் என்று தெரியாமல் பதினேழு பிள்ளைகளைப் படியில் இறக்க முடியாது.

"வேண்டாம். உள்ளை" என்றேன். "எல்லாரும் உள்ளை."

கதவைச் சாத்திப் பூட்டில் திறப்பை இரண்டு தரம் திருப்பினேன். விளக்கை அணைத்தேன். திரைச்சீலையை இழுத்தேன். ஆசிரியர் மேசையை நானும் தக்சாயினியும் தூக்கிக்கொண்டு வந்து கதவோடு வைத்தோம். இழுத்தால் சத்தம் போடும். பிள்ளைகள் எல்லோரும் பயத்தில் ஜன்னல் பக்கம் ஒதுங்கி, கதவுக்கு நேர் எதிரே நின்றார்கள். நான் கதவுப் பக்கத்துச் சுவரைக் காட்டினேன். கதவு மரம், குண்டை மறிக்காது. சுவர் செங்கல். கதவுக்கு நேராக ஒருவரும் இருக்கக்கூடாது.

பிள்ளைகள் நகர்ந்தபோது சலங்கைகள் ஒலித்தன. எட்டுப் பேர், பதினாறு கால். கீழே கேட்டிருக்கும் என்றே நினைத்தேன்.

அப்போது தக்சாயினி வலது கையை நீட்டி உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டினார். ஆட்டம் முடியும் இடத்தில் அவர் காட்டும் சைகை. பிள்ளைகள் நின்ற நிலையில் அப்படியே சிலையானார்கள். மூன்று வருடமாக அவர் கத்திக் கத்திப் பழக்கியது அந்த ஒரு நொடியில் வேலை செய்தது. பிறகு மூத்த பிள்ளைகளிடம் ஒவ்வொருவராகப் போனார். தோளை அழுத்தி இருத்தி, இரண்டு கைகளாலும் கணுக்காலைப் பொத்திப் பிடிக்க வைத்தார். கழற்ற விடவில்லை. கழற்றினால்தான் சத்தம்.

நான் பொலிஸின் அவசர எண் 110க்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தார். முகவரி, மாடி, அறை எண், எத்தனை பேர், எத்தனை சத்தம் என்று தாழ்ந்த குரலில் சொன்னேன். போனை வைக்க வேண்டாம், காதிலேயே வைத்திருங்கள் என்றார். வைத்திருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஹவுஸ்மைஸ்டர்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். வந்து பேசிய பொலிஸ்காரர் ஒன்றை நாலு தரம் சொன்னார். யார் தட்டினாலும் திறக்காதே. தெரிந்த குரல் என்றாலும் திறக்காதே. அந்தக் குரலின் முதுகில் துவக்கு இருக்கலாம். அன்று நாங்கள் கோப்பி குடித்துக்கொண்டு தலையாட்டினோம்.

நடைபாதையில் காலடி கேட்டது. ஓடி வந்து எங்கள் கதவுக்கு முன்னால் நின்றது. தட்டியது.

"விமலண்ணை! நான் கஜரூபன். கதவைத் திறவுங்கோ."

கஜரூபன் எங்கள் பெற்றோர் சங்கச் செயலாளர். அவருடைய மகள் கவிசாவுக்கு ஒன்பது வயது, என் காலடியில்தான் இருந்தாள். அவர் கீழே காரில் காத்துக்கொண்டிருந்தவர். சாமான் ஏற்ற வசதி என்று மண்டபத்துப் பக்கக் கதவு பூட்டுப்படாமல் ஒரு மட்டையை மடித்துச் சொருகி வைப்பது அவருடைய பழக்கம். அன்று மட்டும் நான் அதை இரண்டு தரம் எடுத்து எறிந்தேன். மூன்றாவது தரமும் வைத்திருக்கிறார். அந்த வழியால்தான் வந்திருக்கிறார்.

நான் பதில் சொல்லவில்லை. கவிசா எழும்பினாள். தக்சாயினி அவளை மடிக்குள் இழுத்து வாயைப் பொத்தினார்.

"அண்ணை, உள்ளுக்கை நிக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும். சப்பாத்து எல்லாம் வெளியிலதானே கிடக்கு. பிள்ளையின்ரை ஊதாச் சப்பாத்து என்ரை காலடியிலை."

குனிந்து என் வெறுங்காலைப் பார்த்தேன்.

நடன வகுப்புக்குள் ஒருவரும் சப்பாத்தோடு போவதில்லை. பிள்ளைகள் தொட்டுக் கும்பிட்டு ஆடும் தரை. எல்லோரும் வாசலில் கழற்றி, சோடி சோடியாக அடுக்கிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். பதினேழு சோடி. ரீச்சருடையது ஒன்று. பேசத்தான் போனேன் என்றாலும் என் வேலைச் சப்பாத்தையும் கழற்றி வைத்திருந்தேன். விளக்கை அணைத்து, திரையை இழுத்து, எட்டுச் சோடிச் சலங்கையின் எண்ணூறு மணியை அடக்கி, எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, இங்கே இருக்கிறோம் என்று வாசலில் எழுதி வைத்தது போல விட்டிருக்கிறேன். அந்த நடைபாதையில் ஒரே மாதிரி ஆறு வகுப்பறைக் கதவுகள். எங்கள் கதவுக்கு முன்னால் மட்டும் சப்பாத்துகள். தகப்பன் கண்டுபிடித்தால் மற்றவனும் கண்டுபிடிப்பான்.

இனி மௌனமாக இருப்பதில் லாபம் இல்லை. கதவு நிலையோடு வாயை வைத்தேன்.

"தம்பி, மெதுவாப் பேசுங்கோ. உங்களோடை ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. நான் மட்டும்தான். திறவுங்கோ."

"அவன் எங்கை?"

"கீழை. வகுப்பு அறையளுக்குள்ளை பூந்து பூந்து ஆரையோ தேடுறான். அண்ணை, கெதியாத் திறவுங்கோ."

"திறக்கேலாது."

"என்ன?"

"திறக்கேலாது, தம்பி."

"என்ரை பிள்ளை உள்ளுக்கை நிக்குது!"

"பதினேழு பிள்ளையள் நிக்குது."

அவர் மூச்சு விடுவது மரத்துக்கு அந்தப் பக்கம் கேட்டது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "ஒரு பிள்ளை பெத்திருந்தால் உமக்கு விளங்கியிருக்கும். தனிக்கட்டைக்கு என்ன தெரியும்!"

பட்டது. வேறொரு நாள் என்றால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன். ஆனால் அவருடைய குரலை நம்பினாலும் அவருக்குப் பின்னால் இருப்பதை நான் பார்க்க முடியாது. மேசையைத் தூக்கி, பூட்டை இரண்டு தரம் திருப்பி, கதவைத் திறந்து, மறுபடி மூட அரை நிமிடமாவது வேண்டும். அந்த அரை நிமிடத்தில் யார் படியேறி வந்தாலும் பதினேழு பேரும் திறந்த வாசலுக்கு முன்னால். இந்தக் கணக்கில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆனால் அவரை வெறுங்கையோடு நடைபாதையில் விடவும் முடியாது.

"ஓம். எனக்குப் பிள்ளை இல்லை" என்றேன். "இப்ப நான் சொல்லுறதைக் கேளுங்கோ. கவிசா பிழைக்கவேணும் எண்டால் அந்தச் சப்பாத்துகள் வாசலில கிடக்கக் கூடாது. விளங்குதோ?"

கதவு நிலையோடு இன்னும் நெருங்கினேன்.

"விளங்குதோ, கஜரூபன்?"

"...ஓம்."

"கதவுக்குக் கீழால ஒரு திறப்பு வருது. உங்கடை வலப்பக்கம் ரெண்டாவது கதவு, மஞ்சள் கதவு. தும்புத்தடி, வாளி வைக்கிற அறை. எல்லாத்தையும் அள்ளி அதுக்குள்ளை போடுங்கோ. பிறகு நீங்களும் உள்ளை போய்ப் பூட்டிப்போட்டு இருங்கோ. ஆர் தட்டினாலும் திறக்கப்படாது. நான் தட்டினாலும் திறக்கப்படாது."

என் சாவிக் கோர்வையில் இருபத்திரண்டு திறப்பு. அதில் ஒன்று கட்டடத்தின் எல்லாக் கதவையும் திறக்கும். அது இந்த அறையைவிட்டு வெளியே போகக்கூடாது. மஞ்சள் கதவின் சின்னத் திறப்பை அரையிருட்டில் விரலால் தடவிப் பிடித்து வளையத்திலிருந்து கழற்றினேன். நகம் உடைந்தது. குனிந்து கதவுக்குக் கீழே தள்ளினேன். தரையில் உரசிப் போனது. எடுத்துவிட்டார்.

ஜாக்கெட்டின் சிப் திறக்கும் சத்தம். பிறகு சப்பாத்துகளை அள்ளி அள்ளி அதற்குள் போடுகிறார். காலடி போனது. மஞ்சள் கதவு திறந்தது. திரும்பி வந்தார். மறுபடி அள்ளினார்.

அப்போது மாடிப்படியில் வேறு காலடி கேட்டது. அவசரமில்லாத காலடி. ஒரு படி, நின்று, இன்னொரு படி.

போனில் அந்தப் பெண், எங்கள் ஆட்கள் கட்டடத்துக்குள் வந்துவிட்டார்கள், அசையாமல் இருங்கள் என்றார். மஞ்சள் கதவு மூடியதா என்று காதைக் கூர்மையாக்கினேன். கேட்கவில்லை. மூடிய சத்தமும் இல்லை, மூடாத சத்தமும் இல்லை. அவர் வெளியிலேயே நிற்கிறாரா, ஒரு சோடியை விட்டுவிட்டாரா, எனக்குத் தெரியாது.

வந்தவன் முதல் கதவை இழுத்துப் பார்த்தான். அடுத்ததை. ஜேர்மன் மொழியில் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பெண்ணின் பெயர். எங்கள் கதவுக்கு வந்தான். வெளிப்பக்கக் குமிழைப் பிடித்து உலுக்கினான். மேசை கதவோடு சேர்ந்து துடித்தது. நான் மேசைக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றேன். கவிசா தக்சாயினியின் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். மூத்த பிள்ளைகள் கணுக்காலை இறுக்கியதில் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. ஒரு மணிகூட ஒலிக்கவில்லை.

அவன் நின்றான். என்ன பார்க்கிறான்? தரையைப் பார்க்கிறானா?

பிறகு நடந்தான். அடுத்த கதவை இழுத்தான். அதற்கடுத்தது மஞ்சள் கதவு. அதையும் உலுக்கினான். அது பூட்டியிருந்தது.

அந்த உலுக்கல் சத்தத்தைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது என்றால் நம்பமாட்டீர்கள். பூட்டிய கதவு ஒன்றின் சத்தம். பதினொரு வருடமாக தினமும் கேட்கிற சத்தம்.

இரண்டு படிகளிலும் ஒரே நேரத்தில் கனத்த சப்பாத்துகள் ஏறி வந்தன. கத்தினார்கள். கீழே போடு, கீழே போடு. ஒரு நீண்ட நொடி. ஏதோ இரும்பு தரையில் விழுந்து வழுக்கிப் போனது. சூட்டுச் சத்தம் கேட்கவில்லை.

உடனே பிள்ளைகள் எழும்பப் பார்த்தார்கள். தக்சாயினியின் கை மறுபடி நிமிர்ந்தது. இருந்தார்கள்.

நான் போனில் சொன்னேன். "மஞ்சள் கதவுக்குள் ஒரு ஆள் இருக்கிறார். ஒரு பிள்ளையின் தகப்பன். கறுத்த தலைமயிர், தாடி. கையில் ஆயுதம் இல்லை. சப்பாத்துகள் மட்டும்தான்."

"சப்பாத்துகளா?"

"ஓம். பத்தொன்பது சோடி."

நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னார். உங்கள் ஆட்களுக்கு இதை இப்போதே சொல்லுங்கள், கதவு திறக்க முன்னால் சொல்லுங்கள் என்றேன். பதற்றத்தில் கதவைத் திறந்து, ஒளிந்திருக்கும் ஒரு கறுப்புத் தாடிக்காரனைக் காண்பவன் என்ன நினைப்பான் என்று எனக்குத் தெரியும். அவர் சொல்லிவிட்டேன் என்று உறுதிப்படுத்தும்வரை விடவில்லை.

எங்கள் கதவு தட்டப்பட்டது. பொலிஸ் என்றார்கள். நான் திறக்கவில்லை. போனில் கேட்டேன். ஆம், எங்கள் ஆட்கள்தான், இப்போது மூன்று தரம் தட்டுவார்கள் என்றார். மூன்று தரம் தட்டினார்கள். அப்போதுதான் மேசையைத் தூக்கினோம்.

கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு வரிசையாக வெளியே வந்தோம். சலங்கைகள் ஒலிக்கத் தொடங்கின. தலைக்கவசம் போட்ட ஒரு இளம் பொலிஸ்காரன் திடுக்கிட்டுக் காலைப் பார்த்தான். பிறகு எல்லோருடைய காலையும் பார்த்தான். வெறுங்கால். கீழே முழுக்கக் கண்ணாடி, இப்படி இறக்க முடியாது என்றான்.

மஞ்சள் கதவின் பக்கம் கஜரூபன் சுவரைப் பார்த்தபடி கையை விரித்து நின்றார். ஒருவன் அவரைத் தடவிச் சோதித்து முடித்திருந்தான். கவிசா "அப்பா" என்று ஓடினாள். அவர் திரும்பவில்லை. திரும்பலாமா என்று பொலிஸ்காரனை ஜேர்மனில் கேட்டார். திரும்பலாம் என்றதும்தான் திரும்பி அவளைத் தூக்கினார்.

பிறகு அவரும் அந்த இளம் பொலிஸ்காரனும் நடைபாதையில் முழந்தாளில் இருந்து பதினேழு பிள்ளைகளுக்கும் சப்பாத்துப் போட்டார்கள். சோடி மாறி, இடம் வலம் மாறி, ஒரே குழப்பம். கஜரூபன் என் சப்பாத்தை இரண்டு விரலால் தூக்கி என்னிடம் நீட்டினார். வாய் பழைய கஜரூபன்தான்.

"அந்தச் சின்ன அறைக்குள்ளை மூக்குக்குக் கீழை உங்கடை சப்பாத்து, அண்ணை. அவன் சுட்டிருந்தாலும் பரவாயில்லை எண்டு ஒருக்கா நினைச்சனான்."

தக்சாயினி சிரித்தார். சிரித்துக்கொண்டே சுவரில் சாய்ந்து கீழே இருந்துவிட்டார். எழும்ப நேரம் எடுத்தது.

சுட்டவன் மொழி வகுப்பில் படிக்கும் தன் மனைவியைத் தேடி வந்தவன். அவள் அன்று வரவில்லை. வகுப்பு ஆசிரியருக்குத் தோளில் பட்டது. பிழைத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்துப் பெற்றோர் கூட்டம். ஆண்டுவிழாவைத் தள்ளி வைத்திருந்தார்கள். நான் இரண்டு விஷயம் சொன்னேன். பக்கக் கதவில் இனி மட்டை சொருகினால் அந்தக் குடும்பத்தின் பெயரைப் பலகையில் எழுதுவேன். நடன வகுப்புச் சப்பாத்து இனி உள்ளே, கதவுக்குப் பக்கத்தில் விரித்த பேப்பரில். பிறகு மூன்றாவதும் சொன்னேன். கதவைப் பூட்டி அசையாமல் இருப்பதைப் பழக வேண்டும். வருடத்துக்கு இரண்டு தரம்.

கிரிஜா என்கிற ஒரு தாய் எழும்பினார். "பிள்ளையள் இப்பவே நித்திரையில எழும்பிக் கத்துதுகள். திருப்பித் திருப்பி ஏன் பயப்பிடுத்திறியள்?"

தக்சாயினிதான் பதில் சொன்னார். "அக்கா, அண்டைக்கு அதுகள் பயந்ததுதான். பயந்துகொண்டும் அசையாமல் இருந்ததுகள். என்ன செய்யிறது எண்டு தெரியாமல் ஓடப் பாத்தது நான். பழகவேண்டியது பெரியாக்கள்."

கஜரூபன் பின்வரிசையில் கையை உயர்த்தினார். வழக்கமாக அவர் கை உயர்த்தாமலே பேசுகிறவர்.

"பழக்கேக்கை வெளியில நிண்டு ஒருத்தர் தட்டவேணும். அது நான்."

பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணை, அண்டைக்குக் கதைச்ச கதைக்கு..."

"அதை விடுங்கோ."

"விடேலாது. ஆனால் திறக்காமல் விட்டது சரி. அதைச் சபையில சொல்லவேணும் எண்டுதான் வந்தனான்."

அடுத்த சனிக்கிழமை முதலாவது பயிற்சி. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே எல்லாம் சொல்லியிருந்தோம், யார் தட்டப் போகிறார் என்பது உட்பட. கதவு மூடியது. விளக்கு அணைந்தது. நான் வெளியே கையில் மணிக்கூட்டோடு நின்றேன். ஐந்து நிமிடம்.

கஜரூபன் மெல்லத் தொடங்கினார். "கவிசா, அப்பா வந்திருக்கிறன். கதவைத் திறவம்மா."

ஒன்றுமில்லை.

"திறந்தால் ஐஸ்கிறீம் வாங்கித் தருவன்."

உள்ளே யாரோ கிளுக் என்று சிரிப்பை அடக்கினார்கள். பிறகு அமைதி.

"ரீச்சர், உங்கடை காரில லைற் எரியுது. பற்றரி இறங்கப் போகுது."

அதற்கும் ஒன்றுமில்லை. அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மறுபடி தட்டினார். இந்தத் தரம் பலமாக. "கவிசா! அப்பாதானம்மா! கதவைத் திற!" குரல் மாறிவிட்டது. அது விளையாட்டுக் குரல் அல்ல, அன்றைய குரல். இரண்டு கையாலும் தட்டினார். கெஞ்சினார். நான் நிறுத்தலாமா என்று யோசித்தேன். நிறுத்தவில்லை. உள்ளே பதினேழு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவருடைய மகளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

குமிழ் அசையவில்லை. உள்ளே ஒரு காலடி இல்லை.

அவர் நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு திரும்பினார். முகம் நனைந்திருந்தது. பிள்ளை சோதனையில் பாஸ் பண்ணிய செய்தியைச் சொல்வது போலச் சொன்னார்.

"திறக்கேல்லை, அண்ணை."

"ஓம்."

"ஒருத்தரும் திறக்கேல்லை."

மணிக்கூட்டைப் பார்த்தேன். "இன்னும் ஒண்டரை நிமிசம் கிடக்கு. தட்டுங்கோ."

சேர்ட் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டத் தொடங்கினார்.